டாக்ஸ் கோர்ட்டில் வக்கீல் அல்லாதவர் ஆஜராக: எந்த வழியில் தயாராவது?

அமெரிக்காவில் ஈஏ (ஐஆர்எஸ் என்ற வரித்துறையிடம் உரிமம் பெற்ற வரி நிபுணர்) அல்லது சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) தகுதி வைத்துக்கொண்டு வரி வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு எப்போதாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஆடிட்டில் வாடிக்கையாளருக்காகப் பேசலாம், கலெக்‌ஷன்ஸோடு பேசலாம், ஐஆர்எஸ்ஸின் உள் மேல்முறையீட்டுப் பிரிவான அப்பீல்ஸ் வரைக்கும் போகலாம். ஆனால் கூடுதல் வரி கேட்டு, எதிர்க்க வேண்டுமானால் 90 நாளுக்குள் டாக்ஸ் கோர்ட்டுக்குப் போகச் சொல்லும் 90 நாள் நோட்டீஸ் வந்த மறுநிமிடம் "இனி நீங்கள் ஒரு வக்கீலைப் பாருங்கள்" என்று சொல்லி ஃபைலைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதுதானா? அதுவும் தகராறே பதினைந்தாயிரம் டாலர் என்றால், எந்த வக்கீல் அதைத் தொடுவார், தொட்டால் எவ்வளவு கேட்பார்?

சட்டம் படிக்காதவரும் யு.எஸ். டாக்ஸ் கோர்ட்டில் ஆஜராக வழியிருக்கிறது. 1924இல் போர்டு ஆஃப் டாக்ஸ் அப்பீல்ஸ் என்ற பெயரில் அது தொடங்கிய காலத்திலிருந்தே கணக்காளர்கள் அங்கே ஆஜராகி வருகிறார்கள். இன்றைய வரிச் சட்டத்தின் 7452ஆம் பிரிவும், குறிப்பிட்ட ஒரு தொழிலைச் சேராதவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தகுதியுள்ள யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வக்கீல் என்றால் விண்ணப்பம் போட்டால் போதும். வக்கீல் அல்லாதவர் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், அப்புறம் அந்தக் கோர்ட்டில் ஏற்கனவே ஆஜராகும் இருவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். தேறியவர்களைத் தொழிலில் யுஎஸ்டிசிபி (யு.எஸ். டாக்ஸ் கோர்ட் ப்ராக்டிஷனர்) என்று சொல்கிறார்கள்.

தேர்வு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். முன்பெல்லாம் வாஷிங்டன் போய்த்தான் எழுத வேண்டும், இப்போது இருந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். 4 மணி நேரம், 4 பகுதிகள்: கூட்டாட்சி வரிச் சட்டம் 40 சதவீதம், டாக்ஸ் கோர்ட் விதிகளும் நடைமுறையும் 25, ஃபெடரல் சாட்சிய விதிகள் 25, தொழில் நெறி 10. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக 70 சதவீதம் எடுக்க வேண்டும், அதுவும் ஒரே அமர்வில். வரிச் சட்டத்தில் 95 எடுத்துவிட்டு சாட்சியத்தில் 66 எடுத்தால் மொத்தமும் போச்சு, அடுத்த முறை நான்கையும் திரும்ப எழுத வேண்டும். பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒருவரோ இருவரோ தேறுவது வழக்கம். ஈஏ தேர்வை மூன்று பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றாக முடித்தவர்கள் அதே கணக்கை இங்கே போட்டால் கதை நடக்காது. அது கம்ப்யூட்டரில் டிக் அடிக்கும் தேர்வு. இங்கே சூழ்நிலையைக் கொடுப்பார்கள், எந்த விதி, ஏன், அதனால் என்ன ஆகும் என்று எழுத வேண்டும்.

எந்த வழியில் தயாராவது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இதை வரித் தேர்வு என்று நினைக்காதீர்கள், சாட்சியத் தேர்வு என்று வைத்துக்கொண்டு எல்லா வழிகளையும் அந்த ஒரே தராசில் போட்டுப் பாருங்கள். ஈஏவோ சிபிஏவோ தினமும் வரிச் சட்டத்தில்தான் புழங்குகிறார், கொஞ்சம் தூசி தட்டினால் அந்த 40 சதவீதம் வந்துவிடும். நெறிப் பகுதி சின்னது. நடைமுறை விதிகள் பொறுமையாகப் படித்தால் மனதில் நிற்கும். சாட்சியம்தான் இதுவரை நாம் பார்த்தே இராத ஊர்.

இந்தியாவில் சிஏ முடித்துவிட்டு வந்தவர்களுக்கு இது இன்னும் அந்நியமாக இருக்கும். அங்கே வருமான வரிச் சட்டப்படி சிஏ என்றாலே வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான ஐடிஏடியில் ஆஜராகலாம், தனித் தேர்வு எதுவும் கிடையாது, பேப்பர் புக் கட்டிக்கொண்டு போய் வாதாடினால் போதும், சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்கள் அங்கே அவ்வளவு இறுக்கமாகக் கட்டுப்படுத்துவதும் இல்லை. டாக்ஸ் கோர்ட்டிலோ விசாரணை உண்டு, சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, "அப்ஜெக்‌ஷன்" என்று எழுந்து நிற்கும் எதிர்த்தரப்பு வக்கீல் உண்டு.

ஒரு உதாரணம் பார்த்துவிட்டால் எளிதாகப் புரியும். வீட்டுப் புதுப்பிப்பு வேலை செய்யும் ஒருவர், சொந்தத் தொழிலின் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சியில் 8,000 டாலர் சப்-கான்ட்ராக்டருக்குக் கொடுத்ததாகக் காட்டியிருக்கிறார். பணமாகக் கொடுத்தது. ஐஆர்எஸ் அந்தச் செலவை ஏற்கவில்லை, நோட்டீஸ் வந்துவிட்டது. வாடிக்கையாளர் உற்சாகமாக ஒரு கடிதம் கொண்டுவருகிறார்: "நான் இவரிடம் 8,000 டாலர் வாங்கினேன்" என்று அந்த சப்-கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நோட்டரி முத்திரைகூட இருக்கிறது. ஆடிட்டரிடம் இதை நீட்டினால் ஒருவேளை ஏற்றுக்கொள்வார். கோர்ட்டில் இது ஹியர்சே, அதாவது செவிவழிச் சாட்சியம். சொன்ன ஆள் கூண்டில் இல்லை, அவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, நோட்டரி முத்திரை இந்தக் குறையைப் போக்காது. அந்த ஆளையே சப்பீனா, அதாவது கோர்ட் அழைப்பாணை, அனுப்பிச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசி, டாக்ஸ் கோர்ட்டின் 91ஆம் விதிப்படி போடும் ஸ்டிபுலேஷனில், அதாவது இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் விவரத் தொகுப்பில், அதை ஆட்சேபணை இல்லாமல் சேர்க்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த சப்-கான்ட்ராக்டர் தன் வேலைப் புத்தகத்தில் அன்றன்றைக்கு எழுதி வைத்திருந்தால், அது ஃபெடரல் சாட்சிய விதிகளில் 803(6) விதியின் வியாபாரப் பதிவு என்ற விலக்கில் வரலாம், ஆனால் அதைப் பராமரித்தவர் வந்து சொல்ல வேண்டும், அல்லது 902(11) விதிப்படியான சான்றிதழ் வேண்டும். வாடிக்கையாளர் தன் டிரக்குக்கு மைலேஜ் செலவும் காட்டியிருந்தார் என்றால் அது வேறு தலைவலி. பொதுவாக ஆதாரம் குறைவாக இருந்தால் நீதிபதி ஒரு நியாயமான தொகையை மதிப்பிட்டுக்கொள்ள 1930இன் கோஹன் தீர்ப்பு இடம் தருகிறது, வாகனச் செலவுக்கு மட்டும் 274(டி) பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. ஒரே ஃபைல், இரண்டு செலவு, இரண்டுக்கும் வேறு வேறு விதி.

இதையெல்லாம் சரளமாக எழுத வைக்கும் வழி எது? இனி ஒப்பீட்டுக்கு வருவோம்.

முதலில் சட்டக் கல்லூரி வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜேடி என்ற சட்டப் பட்டத்தை முழு நேரமாகப் படித்தால் 3 வருஷம், மாலை வகுப்பு என்றால் பெரும்பாலும் 4. செலவு ஆறு இலக்கம் தொடுவது சாதாரணம், அதன் மேல் வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வு. முடித்தால் டாக்ஸ் கோர்ட் தேர்வே வேண்டாம், மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீடு, கிரிமினல் வரி வழக்கு எல்லாவற்றுக்கும் கதவு திறக்கும். டாக்ஸ் கோர்ட் மட்டும் போதும் என்பவருக்கு இது பணத்துக்கும் வயதுக்கும் கேடு. ஒரே விதிவிலக்கு, ஊரில் பி.எல். முடித்துவிட்டு வந்து, இங்கே ஈஏவாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். நியூயார்க் போன்ற மாநிலங்களில் எல்எல்எம் என்ற சட்ட முதுகலைப் பட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு பார் தேர்வு எழுத அவர்களுக்கு வழியிருக்கலாம். பழைய டிகிரியை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த மாநில பார் விதிகளை முதலில் படிக்கட்டும். அவர்கள் கணக்கு வேறு.

தனியாகப் படிப்பது மலிவு, உண்மையில் ஏறக்குறைய இலவசம். கோர்ட்டின் விதிகள், பழைய கேள்வித்தாள்கள், ஃபெடரல் சாட்சிய விதிகள், நெறிப் பகுதிக்கு வேண்டிய ஏபிஏ (அமெரிக்க வக்கீல்கள் சங்கம்) மாதிரி விதிகள், டாசன் என்ற கோர்ட்டின் ஆன்லைன் அமைப்பில் தேடிப் படிக்கக் கூடிய தீர்ப்புகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. விசாரணைகளும் பொதுமக்களுக்குத் திறந்தவை. உங்கள் ஊருக்கோ பக்கத்து நகரத்துக்கோ நீதிபதி வரும் வாரத்தில் வழக்குகளை வரிசையாக அழைக்கும் காலண்டர் கால் நடக்கும் திங்கட்கிழமை காலை போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தால், புத்தகத்தில் கிடைக்காத பல விஷயம் கிடைக்கும். தனி ஆளாகப் படிப்பதில் இருக்கும் ஓட்டை ஒன்றுதான், ஆனால் பெரிய ஓட்டை: நீங்கள் எழுதிய விடையை யார் திருத்துவது? நாற்பது வரியில் ஹியர்சே விலக்கு எழுதிவிட்டு நமக்கு நாமே நூற்றுக்குத் தொண்ணூறு போட்டுக்கொள்ளும் குணம் நம் எல்லோருக்கும் உண்டு.

அதனால் தனியாகப் படித்தே தீருவேன் என்பவர்களுக்கு, கூட ஒரு வக்கீலையாவது, வழக்காடிய அனுபவமுள்ள ஒருவரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்வேன். வரி வக்கீலாக இருக்க வேண்டியதே இல்லை. சாலை விபத்து வழக்கு பார்க்கும் வக்கீல் நண்பர் இருந்தால் இன்னும் நல்லது, அவருக்குச் சாட்சிய விதி தண்ணீர் பட்ட பாடு. மாதம் நாலு விடை திருத்தித் தர ஒரு டின்னருக்கு மேல் கேட்க மாட்டார்.

அடுத்தது பயிற்சி வகுப்பு. இந்தத் தேர்வுக்கென்றே வாராவாரம் ஆன்லைனில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், சிலர் யுஎஸ்டிசிபிகள், சிலர் வக்கீல்கள். கட்டணம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். சேர்வதற்கு முன் நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்வி. எழுதிய விடைகளைத் திருத்தித் தருவீர்களா, எத்தனை? சாட்சியத்துக்கும் நடைமுறைக்கும் சேர்த்து மொத்த நேரத்தில் எவ்வளவு? முதல் கேள்விக்கு "ஸ்லைடும் ரெக்கார்டிங்கும் தருவோம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், அது தனியாகப் படிப்பதுதான், காசு கொடுத்துப் படிப்பது. வரிச் சட்டத்திலேயே பாதி வகுப்பை ஓட்டும் இடமும் வேண்டாம். தேர்ச்சி விகிதத்தைப் பெருமையாகப் போட்டிருந்தால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் தேர்வு வரைக்கும் வந்தார்கள் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், வேலையும் குடும்பமும் உள்ள ஈஏவுக்கு நல்ல வகுப்புதான் முதல் வழி, விடை திருத்துவார்கள் என்ற ஒரே நிபந்தனையோடு. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து படிக்கும் குழுவும் நடுவில் ஒரு வழக்காடும் வக்கீலும். வரிப் பருவத்தை மறந்துவிடாதீர்கள், ஜனவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரை ஒரு பக்கமும் நகராது. அது முடிந்த பிறகு தொடங்கினால், கெடு நீட்டிப்பு வாங்கிய இலையுதிர்கால எக்ஸ்டென்ஷன் ரிட்டர்ன்களும் தேர்வுத் தயாரிப்பும் ஒன்றோடொன்று மோதும். தேர்வுக்கு முந்தைய வருஷக் கோடையிலேயே சாட்சியத்தைத் தொட்டுவிடுபவர் தப்பித்தார்.

இன்னொரு வழியைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை: குறைந்த வருமானக்காரர்களுக்கான வரி உதவி மையங்கள், எல்ஐடிசி என்பார்கள். 1998 சட்டம் கொண்டுவந்த 7526ஆம் பிரிவின் கீழ் ஐஆர்எஸ் நிதி உதவியோடு இயங்குபவை, பல சட்டக் கல்லூரிகளிலும் இருக்கின்றன. அங்கே தன்னார்வலராக உதவினால் உங்களால் கோர்ட்டில் ஆஜராக முடியாதுதான், ஆனால் ஒரு மனு எப்படி எழுதப்படுகிறது, பதில் மனு எப்படி வருகிறது, ஐஆர்எஸ் வக்கீலோடு ஸ்டிபுலேஷன் பேசும்போது யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம். வழக்குகளில் பெரும்பாலானவை விசாரணைக்கே போகாமல் முடிகின்றன, அந்த முடிவு நடக்கும் இடம் இந்தப் பேச்சுவார்த்தைதான். 1974இன் பிரானர்டன் தீர்ப்பைப் படித்தால், எதிர்த்தரப்பிடம் விவரங்களை முறைப்படி கேட்டு வாங்கும் டிஸ்கவரிக்கு முன்பு இரு தரப்பும் சாதாரணமாக உட்கார்ந்து பேசி ஆவணங்களைப் பரிமாற வேண்டும் என்று கோர்ட் எவ்வளவு கறாராகச் சொல்கிறது என்பது புரியும். படித்துப் புரிவது ஒன்று, அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து புரிவது வேறு. இது தேர்வுப் படிப்புக்கு மாற்று ஆகாது, கூடவே செய்ய வேண்டியது. முன்பு சொன்ன இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் பெரும்பாலும் இப்படிப் பழகிய வக்கீல்களிடமிருந்துதான் வரும், அதனால் தேர்வு முடிந்தபின் அவசரமாக யாரையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, தேர்வே எழுதாமல் இருப்பது? அதுவும் ஒரு வழிதான், நிறைய பேருக்கு அதுதான் சரி. வாடிக்கையாளர் தானே மனு போடுகிறார், கட்டணம் 60 டாலர், 90 நாளுக்குள், அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவருக்கு நோட்டீஸ் போயிருந்தால் 150 நாள். வக்கீல் இல்லாமல் மனு போடுபவர்களே அந்தக் கோர்ட்டில் பெரும்பான்மை. வருஷத்துக்கு 50,000 டாலருக்குள் உள்ள தகராறு என்றால் சிறு வழக்கு நடைமுறை கேட்டு வாங்கலாம், அங்கே சாட்சிய விதிகள் தளர்வு, ஆனால் தோற்றால் மேல்முறையீடு கிடையாது. அப்பீல்ஸ் ஏற்கனவே பார்க்காத ஃபைல் என்றால் ஐஆர்எஸ் வக்கீல்கள் வழக்கமாக அங்கே அனுப்புவார்கள். அது அப்பீல்ஸ் கையில் இருக்கும் வரை பிரதிநிதியாகப் பேச அதிகாரம் தரும் 2848 படிவத்தை வைத்துக்கொண்டு ஈஏ பேசலாம், தீர்வு ஒப்பந்தத்தில் மட்டும் வாடிக்கையாளரே கையெழுத்துப் போட வேண்டும். அங்கே முடிந்துவிட்டால் நீங்கள் கோர்ட் வாசலையே மிதிக்க வேண்டியதில்லை. முடியாமல் போனால்தான் சிக்கல், விசாரணைத் தேதி நெருங்க நெருங்க அந்த 2848 வெறும் காகிதம், கோர்ட்டுக்கு அதன் மேல் எந்த அக்கறையும் இல்லை.

வருஷத்துக்கு ஒரு நோட்டீஸோ இரண்டோ பார்க்கும் அலுவலகத்துக்கு இந்த வழி போதும், நம்பகமான ஒரு யுஎஸ்டிசிபியையோ வரி வக்கீலையோ கைவசம் வைத்துக்கொண்டால் சரி. மாதத்துக்கு ஒன்று வருகிறதென்றால் தேர்வைப் பற்றி யோசியுங்கள். தேர்வு எழுதாவிட்டாலும் விதிகளையும் சாட்சியத்தையும் ஒருமுறை படிப்பது வீண் போகாது. ஆடிட் நடக்கும்போதே எந்தக் காகிதம் நாளை கோர்ட்டில் நிற்கும், எது நிற்காது என்று தெரிந்து சேகரிக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஆடிட்டர் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார், கேட்டதைப் பார்க்கவே இல்லை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவதும் நின்றுவிடும். கிரீன்பெர்க்ஸ் எக்ஸ்பிரஸ் தீர்ப்பும் 1974தான். நோட்டீஸுக்குப் பின்னால் ஐஆர்எஸ் எப்படி யோசித்தது என்பதைக் கோர்ட் பொதுவாகத் தோண்டாது, வரி எவ்வளவு என்பதைப் புதிதாகத் தானே பார்க்கும்.

தேறிய பிறகும் எல்லை உண்டு என்பதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. டாக்ஸ் கோர்ட்டுக்கு உள்ளே வக்கீலுக்கு உள்ள அதே உரிமை. தோற்று சர்க்யூட் மேல்முறையீட்டுக்குப் போனால் வக்கீல்தான். பணத்தைக் கட்டிவிட்டு ரீஃபண்ட் கேட்டு மாவட்ட நீதிமன்றம் போனாலும் அப்படியே. வாடிக்கையாளரோடு பேசியதற்கு வரிச் சட்டத்தின் 7525ஆம் பிரிவு தரும் ரகசியப் பாதுகாப்பு கிரிமினல் விஷயத்தில் நிற்காது, எனவே மோசடி வாடை அடித்த நிமிடமே வக்கீலிடம் அனுப்பிவிடுங்கள். இந்தியாவில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு வரும் எஃப்பார் அபராதமும் (வெளிநாட்டுக் கணக்கைத் தெரிவிக்காததற்கு விதிப்பது) டாக்ஸ் கோர்ட்டுக்கு வராது, 2008இல் வில்லியம்ஸ் வழக்கிலேயே அந்தக் கோர்ட் தனக்கு அதில் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. எஃப்பார் ஃபைல்களை மனதில் வைத்துக்கொண்டு இந்தத் தேர்வுக்குப் போகிறவர் தவறான கடையில் வரிசையில் நிற்கிறார்.

கடைசியாக ஒன்று, வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்லாதது. நீங்கள் தயாரித்த ரிட்டர்ன் மீதே வழக்கு வந்தால் நீங்களே சாட்சியாக வேண்டி வரலாம். டாக்ஸ் கோர்ட்டின் 24ஆம் விதி, சாட்சியாகக் கூடியவர் பிரதிநிதியாக இருப்பதை வாடிக்கையாளரின் சம்மதக் கடிதம் ஒன்றால் மட்டும் சரிசெய்ய விடுவதில்லை, விலக வேண்டும் அல்லது வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். கணவன் மனைவி கூட்டு ரிட்டர்னில் ஒருவர் 6015ஆம் பிரிவின் நிவாரணம் (கூட்டு வரிப் பொறுப்பிலிருந்து விடுவிப்பு) கேட்கப் போகிறார் என்றால் இருவருக்கும் நீங்களே ஆஜராவதும் நலன்கள் மோதும் தலைவலி. ஆக உங்கள் சொந்த அலுவலகத்து ரிட்டர்ன்களில் பாதியை நீங்கள் தொட முடியாமல் போகலாம், உங்களுக்கு வேலை வரப்போவது மற்ற ஈஏக்களிடமிருந்தும், ரிட்டர்னைத் தாங்களே மென்பொருளில் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்களிடமிருந்தும். அப்படி வேலை அனுப்பக்கூடிய ஈஏக்கள் உங்கள் வட்டாரத்தில் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் கட்டணத்தைக் கட்டலாம்.